முதல் எவ்வளவு என்று சொல்லாத வட்டிக் கணக்கு

கம்ப்யூட்டர் மேசை போட இடம் வேண்டும், எந்தப் பீரோவை எடுக்கலாம் என்று அறங்காவலர் கேட்டதிலிருந்து ஆரம்பித்தது இது. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஊர் எங்களுடையது. நூலகம் ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தம். பழைய வீடு ஒன்றின் முகப்பும் பட்டாலை என்கிற கூடமும்தான் வாசிப்பு அறை, நடு முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகளில் புத்தகப் பீரோக்கள், தரையில் ஆத்தங்குடிக் கல். நான் அங்கே பகுதிநேர நூலகர். "யாரும் தொடாத புத்தகம் எதுன்னு பாத்து ஒரு பீரோவைக் காலி பண்ணிக் குடும்மா" என்றார். சுலபமாகத்தான் தெரிந்தது. ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நாலு மாதம் ஆனது.

எங்களிடம் இருப்பது நீளமான வழங்கல் பதிவேடு. தேதி, உறுப்பினர் எண், புத்தகத்தின் சேர்க்கை எண் (நூலகத்தில் சேர்த்தபோது போட்ட வரிசை எண்), திரும்பி வந்த தேதி, கையெழுத்து, அவ்வளவுதான். புத்தகம் எந்தத் துறை என்று அதில் எங்கேயும் கிடையாது. துறை தெரிய வேண்டுமானால் சேர்க்கை எண்ணை எடுத்துக்கொண்டு சேர்க்கைப் பதிவேட்டுக்குப் போய் அங்கே எழுதியிருக்கும் பகுப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். ஆகவே இரண்டு பட்டியலையும் எக்செல்லில் அடித்து, சேர்க்கை எண்ணை வைத்து ஒன்றோடொன்று கோர்த்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை ஒரு வருஷம் எடுத்துக்கொண்டேன். கல்லூரி லீவில் இருந்த இரண்டு பெண்கள் சாயங்காலம் வந்து அடித்துக் கொடுத்தார்கள். மொத்தம் 3,612 வரி. அதில் நீட்டிப்பு மட்டும் 472. புத்தகத்தைத் திரும்பக் கொண்டுவந்து, "இன்னும் முடிக்கலை, போட்டுக் குடுங்க" என்று அதையே மறுபடி வாங்கிப் போவது. அதைத் தனி வழங்கலாக எண்ணுவதா வேண்டாமா என்று ஒரு நாள் யோசித்தேன். ஒரே ஆள் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டிருப்பது ஒரு தடவைதான் என்று முடிவு செய்து எடுத்துவிட்டேன். மீதி 3,140. சில நூலகங்களில் நீட்டிப்பையும் சேர்த்து எண்ணுவார்கள், அதுவும் தப்பில்லை, ஆனால் எதைச் செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷக் கணக்கோடு ஒப்பிட முடியாது.

முதல் தடவை எக்செல்லில், துறைவாரியாக எண்ணித் தரும் பிவட் டேபிள் போட்டதும் வந்த பதிலைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் அதிகம் இரவல் போகும் துறை கலைக்களஞ்சியம்! அதுவும் 700 தடவைக்கு மேல். கலைக்களஞ்சியத்தை நாங்கள் வெளியே கொடுப்பதே இல்லை, எல்லாம் உள்ளேயே வைத்துப் பார்ப்பதற்கு மட்டும்.

இரண்டு நாள் தேடியபின் காரணம் கிடைத்தது. எங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் முதல் 2,400 புத்தகங்களுக்கு எண் போட்டவர் கோலன் பகுப்பு முறையில் போட்டிருக்கிறார். நூலக அறிவியலின் முன்னோடி, சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-ல் வெளியிட்ட முறை அது. அந்தப் பழைய நூலகருக்குப் பின் வந்தவர்கள், துறைக்கு எழுத்தில்லாமல் எண் மட்டுமே போடும் டியூவி முறைக்கு மாறிவிட்டார்கள், பழையதை யாரும் திருத்தவில்லை. கோலனில் இலக்கியத்துக்கு ஆங்கில எழுத்து ஓ, தமிழ் மொழிக்கு 31. ஆகவே தமிழ் இலக்கியம் ஓ31. பழைய நூலகர் கையெழுத்தில் அந்த ஓ-வும் பூஜ்யமும் ஒரே உருண்டை. பிள்ளைகள் 031 என்று அடித்துவிட்டார்கள். டியூவியில் 031 என்றால் கலைக்களஞ்சியம். அந்த 2,400-ல் இருந்த தமிழ் நாவல் மொத்தமும் கலைக்களஞ்சியக் கணக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, நான் அடித்திருந்தாலும் அப்படித்தான் அடித்திருப்பேன்.

அது போதாதென்று எக்செல் தன் பங்குக்கு முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிட்டது. 030 என்று அடித்தால் 30 ஆகிவிடும், 005.1 என்பது 5.1. பிறகு முதல் மூன்று எழுத்தை வெட்டியெடுத்துத் துறை பார்க்கும் சூத்திரம் போட்டால் என்னென்னவோ வரும். இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: பகுப்பு எண் நிரலை, அடிக்க ஆரம்பிக்கும் முன்பே டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது.

கோலனையும் டியூவியையும் சேர்க்க ஒரு மாற்றுப் பட்டியல் தயாரித்தேன். இரண்டையும் என்னுடைய 15 பெரும் பிரிவுகளில் கொண்டுபோய் இறக்குவது. டியூவியில் 894.8111 தமிழ்க் கவிதை, 894.8113 கதை. கோலனில் ஓ31,1 கவிதை, ஓ31,3 கதை. மருத்துவம் டியூவியில் 610, கோலனில் எல் (L) என்கிற எழுத்து. இப்படி வரிசையாகப் போட்டுக்கொண்டே போகலாம். கோலனில் ஒரு அழகு உண்டு, படைப்பாளி பிறந்த வருஷமே எண்ணுக்குள் வந்துவிடும். 1900 முதல் 1999 வரைக்கும் 'என்' (N) என்கிற ஆங்கில எழுத்து. பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்த கண்ணதாசனின் கவிதை என்றால் ஓ31,1என்27. இதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் போய்விட்டது எனக்கு. தகராறு வந்தது பக்திப் பாடல்களில். தேவாரம் ஒரு பிரதி கவிதையிலும் இன்னொரு பிரதி 294.5-லும், அதாவது இந்து சமயத்திலும் இருந்தது. ஒரே பதிப்பு, ஒரே அட்டை. எங்கள் ஊரில் அதை எடுத்துப் போகிறவர்கள் ஓதுவதற்கு எடுத்துப் போகிறார்கள் என்பதால் எல்லாவற்றையும் சமயத்தில் போட்டேன். சரியா தப்பா என்று தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம்.

சரி, பிழையெல்லாம் திருத்தி ஒரு பட்டியல் எடுத்தேன். கதைகள் 1,420 தடவை. சிறுவர் நூல் 505. சமயம் 210. வரலாறும் வாழ்க்கை வரலாறும் 188. மருத்துவம் 148, சமையல் 131, சோதிடம் 97, பழைய இலக்கியமும் கவிதையும் 96, பொருளாதாரமும் வணிகமும் 19. மீதி எல்லாம் சேர்த்து 326. அறங்காவலர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "சமையல், சோதிடம், இந்த ரேக்கை எடுத்துரலாமே, கதைக்கு முன்னால இதெல்லாம் ஒண்ணுமில்லையே" என்றார். எனக்கும் மறுத்துச் சொல்ல எதுவும் தோன்றவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் ஒரு பெரியவர். எண்பது தாண்டியவர், காரைக்குடியில் ஒரு கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்து பேரேடு எழுதியே ஓய்வு பெற்றவர். காலை ஒன்பது மணிக்கு நான் கதவு திறக்கும்போது திண்ணையில் இருப்பார். கண்ணாடியை இறக்கி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"என்ன ஆத்தா, வட்டியை மட்டும் எழுதியிருக்கே. முதல் எவ்வளவு?"

எனக்குப் புரியவில்லை.

"நூறு ரூவா வட்டி வந்துச்சுன்னு சொன்னா நல்ல வரவா கெட்ட வரவா? ஆயிரத்துக்கு வந்தா நல்லது. லட்சத்துக்கு வந்தா கடையை மூட வேண்டியதுதான். சமையல் பொஸ்தகம் எத்தனை வச்சிருக்கே?"

22 புத்தகம். கதைப் புத்தகம் 1,850. நூலக அறிவியல் படித்தபோது சுழற்சி விகிதம் என்று இதைத்தான் நடத்தினார்கள், வழங்கலை இருப்பால் வகுப்பது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது நினைவுக்கு வரவில்லை, ஒரு கணக்கப்பிள்ளை வட்டி கேட்டுத்தான் வந்தது.

அப்புறம்தான் நிஜமான வேலை. வகுப்பதற்கு இருப்பு வேண்டுமே. இதுவரை இரவல் போன புத்தகங்களுக்கு மட்டும் துறை பார்த்திருந்தேன். இனி போகாத புத்தகங்களுக்கும் பார்க்க வேண்டும், அதுதான் அதிகம். சேர்க்கைப் பதிவேடு 6,900 சொச்சம் என்றது. பதிவேட்டில் இருப்பதை எல்லாம் இருப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது, கறையான் தின்றது, வாங்கிப் போனவர் ஊரை விட்டே போனது, எல்லாம் உண்டு. அதனால் அறை அறையாக இருப்புச் சரிபார்ப்பு. தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம். கடைசியில் கையில் அகப்பட்டது, வெளியே இரவலில் இருப்பதையும் சேர்த்து, 6,200. இரவலில் இருப்பதைச் சேர்க்க மறந்துவிடக் கூடாது, அலமாரியில் நிற்பதை மட்டும் எண்ணினால் ஓடுகிற புத்தகங்கள் எப்போதும் குறைவாகவே தெரியும், ஏனென்றால் அவைதான் வீட்டுக்குப் போயிருக்கும். புத்தகத்தின் பின் அட்டையில் ஒட்டியிருக்கும் தேதித்தாளை மட்டும் எண்ணிக் கணக்கு எடுப்பதிலும் இதே ஆபத்து, கூடவே இன்னொன்று: நன்றாக ஓடுகிற புத்தகத்தின் தாள் நிரம்பியதும் கிழித்துப் போட்டுப் புதுசு ஒட்டியிருப்போம். அதிகம் போனது குறைவாகப் போனது போலத் தெரியும்.

இப்போது வட்டி விகிதம். மொத்த நூலகத்துக்கும் 3,140-ஐ 6,200-ஆல் வகுத்தால் 0.51. சராசரியாக ஒரு புத்தகம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வெளியே போகிறது. கதைகள் 0.77. மருத்துவம் 160 புத்தகத்துக்கு 148, அதாவது 0.93. சிறுவர் நூல் 240-தான், விகிதம் 2.1. சோதிடம் 36-க்கு 97, விகிதம் 2.7. சமையல் 22-க்கு 131, கிட்டத்தட்ட 6. மொத்த நூலகத்தின் வேகத்தைப்போல ஏறத்தாழ 12 மடங்கு. இவ்வளவு ஓடுகிற ரேக்கைத்தான் எடுத்துவிடலாம் என்றிருந்தோம். அதில் ஒரு புத்தகம் மட்டும் வருஷத்தில் 19 தடவை போய் வந்திருக்கிறது, பக்கத்தில் மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் இருக்கும், எடுத்துப் போன ஆச்சிமார் யாரும் சும்மா வைத்திருக்கவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போனபோது அறங்காவலர் ஒன்றும் சொல்லவில்லை, சமையல் நூல் வாங்க எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டார்.

கதைகளில் இன்னொரு கூத்து. 1,420 வழங்கலும் 412 புத்தகங்களிலிருந்துதான் வந்தன. மீதி 1,438 கதைப் புத்தகங்கள் வருஷம் முழுக்க அசையவே இல்லை. அந்த 412-லும் முன்னணியில் நிற்கும் 230 மட்டுமே வழங்கலில் 80 சதவீதத்தைப் பார்த்துக்கொள்கின்றன. ட்ரூஸ்வெல் என்பவர் 1969-ல் நூலகங்களுக்கு எழுதிய 80/20 விதி இது, சுமார் 20 சதவீதப் புத்தகங்களே வழங்கலில் 80 சதவீதத்தைச் சுமக்கும் என்பது. எங்கள் ஊரில் 20 கூட இல்லை, 1,850-ல் 230, அதாவது 12 சதவீதம். ஆகவே 'கதைகள் 0.77' என்று ஒற்றை எண் சொல்வதில் பெரிய பொருளில்லை. ஓடுகிற குதிரையையும் படுத்திருக்கிற குதிரையையும் சேர்த்துச் சராசரி எடுத்த கதைதான்.

இந்த 1,438-ஐப் பார்த்ததும் முதலில் மனசு கஷ்டப்பட்டது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் செய்த ஒரு ஆய்வு 1979-ல் வந்தது, அங்கே 1969-ல் வாங்கிய புத்தகங்களில் சுமார் 40 சதவீதம் அடுத்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட இரவல் போகவில்லை. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால் நம் பட்டாலைக்கு என்ன. அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன்.

பழைய இலக்கியத்துக்கு வருகிறேன். 1,240 புத்தகம், 96 வழங்கல், 0.08. எண்ணைப் பார்த்தால் முதலில் எடுக்க வேண்டிய பீரோ அதுதான். அறங்காவலரும் அதற்குத் தயார். ஆனால் எனக்கு ஒரு விஷயம் தெரியும், அது எந்த நிரலிலும் இல்லை. அந்த நூல்கள் இருப்பது கண்ணாடிக் கதவு போட்ட பர்மாத் தேக்குப் பீரோக்களில். பூட்டியிருக்கும். சாவி என்னிடம் கிடையாது, அறங்காவலர் வீட்டில். யாராவது கேட்டால் ஆள் அனுப்பி வாங்க வேண்டும், பெரும்பாலும் "நாளைக்கு வாங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன், நானே. இரண்டாவது தடவை கேட்க யார் வருவார்கள்? புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பதுதான் ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது. பட்டாலைச் சுவரில் நாங்களே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம், பூட்டிய பீரோவுக்கு நேர் எதிரே.

ஆகவே கேட்டு வாங்கிக்கொண்டேன்: இரண்டு மாதம் பீரோக்களைத் திறந்து வைக்கிறோம், அதற்குப் பிறகு முடிவு செய்வோம். 2024 ஜூன், ஜூலை. மார்கழியில் செய்திருந்தால் பாசுரமும் பதிகமும் தேடி வருகிறவர்கள் கூடவே பழைய இலக்கியத்தையும் எடுத்துக் கணக்கு ஏறிவிடும், பிறகு பூட்டைத் திறந்ததால் ஏறியதா மாதத்தால் ஏறியதா என்று பிரிக்க முடியாது. ஒப்பிட்டதும் முந்தைய வருஷத்தின் அதே இரண்டு மாதங்களோடுதான். 2023 ஜூன், ஜூலையில் 14. இந்தத் தடவை 53.

பெரிசாகச் சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் 53-ல் 20 ஒரே ஆள், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பெயரை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் பார்த்தால் ஊரே சங்கப் பாட்டுப் படிக்கிறது என்று தோன்றும். திறந்த புதுசு என்று கை நீட்டியவர்களும் உண்டு. ஆகஸ்டில் 17-ஆக இறங்கியது, போன ஆகஸ்டில் 6. அப்படியும் ஏறக்குறைய மூன்று மடங்கு. வழங்கல் எண் வாசகர் விருப்பத்தைக் காட்டுவது போலவே எங்கள் சாவிக் கொத்தையும் காட்டுகிறது, இதை எந்தப் பிவட் டேபிளும் சொல்லப்போவதில்லை.

அடுத்த ஓட்டை, உள்ளேயே படிப்பது. டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வளவுத் தாழ்வாரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கும் கையேடுகளை இரவல் கொடுப்பதில்லை, ஆகவே என் கணக்கில் அவை பூஜ்யம். நூலகத்திலேயே அதிகம் புரட்டப்படும் புத்தகங்களுக்குப் பூஜ்யம்! "படித்த புத்தகத்தைத் திரும்ப அடுக்க வேண்டாம், மேசையிலேயே விடுங்கள்" என்று எழுதி ஒட்டினேன். தினமும் மூடுவதற்கு முன் மேசை மேல் கிடப்பதைத் துறைவாரியாகக் கோடு போட்டுக் கொண்டேன், நாலு வாரம். நம் பிள்ளைகளுக்கு வளர்ப்பு அப்படி, பாதிப் பேர் பலகையைப் படித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத்தான் போனார்கள். ஆகவே வந்த எண் நிச்சயமாகக் குறைவு. அப்படியும் 618, அதில் 402 பரீட்சைக் கையேடு. இவற்றுக்கும் பகுப்பு எண் சிக்கல்: பொது அறிவு ஒரு எண்ணில், கணக்கு 510-ல், இந்திய வரலாறு 954-ல் என்று சிதறிக் கிடந்ததால் எந்தத் துறையிலும் கூட்டமாகத் தெரியவே இல்லை. பகுப்பு முறைக்குப் பரீட்சை என்பது துறை அல்ல, எங்கள் ஊருக்கு அதுதான் பெரிய துறை. நானே ஒரு பதினாறாவது பிரிவு போட்டுக்கொண்டேன்.

கடைசியில் எந்தப் பீரோவை எடுத்தோம்? பொருளாதாரமும் வணிகமும், 130 புத்தகம், 19 வழங்கல், 0.15. பழைய இலக்கியத்தைப்போல இதன் விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள், கணக்கு மட்டும் பார்த்தால் இது இரண்டாவதாகத்தான் போக வேண்டும். ஆனால் திறந்த பீரோ, வாசலுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடம், அப்படியும் யாரும் எடுக்கவில்லை. உள்ளே பார்த்தால் பாதிக்கு மேல் 1990-களின் வருமானவரிக் கையேடுகள். அந்த வரி விகிதம் இன்றைக்கு யாருக்கு வேண்டும்? அவற்றைக் கழித்துவிட்டு மீதியைப் பக்கத்துப் பீரோவில் ஒரு தட்டில் அடக்கினோம். மேசை வந்துவிட்டது, கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை.

போகாத 1,438 கதைப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருந்தவை யாரும் வரிசையில் நின்று இரவல் வாங்கிய புத்தகங்களா என்ன? அதுதான் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. இதைச் சொன்னதும் அறங்காவலர் பேச்சை விட்டுவிட்டார். முதலில் வேறு நூலகத்தில் அந்தப் பதிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், அது தனி வேலை, இந்த வருஷம் முடியாது.

புது வழங்கல் பதிவேட்டில் சேர்க்கை எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கட்டம் இழுத்திருக்கிறேன், பிரிவு எண் எழுத. புத்தகம் கொடுக்கும்போதே போட்டுவிட்டால் வருஷக் கடைசியில் இந்த அவஸ்தை இல்லை. கூட்டம் இருக்கிற நாளில் விட்டுப்போகிறது, ராத்திரி உட்கார்ந்து நிரப்புகிறேன். தேக்குப் பீரோச் சாவி இப்போது என் மேசை இழுப்பறையில். ஏப்ரல் பிறந்ததும் கணக்கப்பிள்ளை ஐயா வந்து கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "இந்த வருஷ ஐந்தொகை எப்ப ஆத்தா?"